கிள்ளானுக்கு ஒரு பரோட்டா மாஸ்டர்

விருதுநகரில் இறங்கியதும் நான் செய்த முதல் காரியம் தும்மியது. என்னை அழைத்துப் போக வந்திருந்த காசிராஜனும் கூடவே தும்மினார். காசிராஜன் என் கணவருடைய சித்தப்பா மகன், எனக்குக் கொழுந்தன் முறை. ஊரில் ஒரு மிளகாய் மண்டியில் வேலை பார்க்கிறார்.

"வத்தல் லோடு இறங்குது மதினி. ரெண்டு நாள்ல பழகிரும்," என்றார்.

"நீங்க இங்கேயே பிறந்து வளர்ந்தவர். உங்களுக்கு இன்னும் பழகலையா?"

"எங்கிட்டுப் பழக?" என்று சொல்லிவிட்டு மறுபடியும் தும்மினார்.

நான் மலேசியாவில் கிள்ளான் பட்டணத்தில் சாப்பாட்டுக்கடை நடத்துகிறவள். ரொட்டி சானாய்தான் எங்கள் கடையின் உயிர். பரோட்டாவுக்கு அங்கே அந்தப் பெயர். கல்யாணமான நாளிலிருந்து என் கணவர்தான் மாவு பிசைந்தார், வீசினார், கல்லில் போட்டார். நான் கல்லாவிலும் டீயிலும் நின்றேன். சில வருடங்களுக்கு முன்னால் அவருடைய வலது தோள் இறுகிப் போனது. கை தோளுக்கு மேலே எழும்பாது. மேசையில் வைத்துப் பிசைவதற்கு மட்டும் இன்றைக்கும் குறைவில்லை. ஒற்றை ஆளாக மாவைப் பிசைந்து, உருண்டை பிடித்து, எண்ணெயில் ஊறப் போட்டுவிடுவார். வீசத்தான் முடியாது.

வீசுவதற்கென்று சேவியர் என்பவரை இந்தப் பக்கத்திலிருந்துதான் வரவழைத்திருந்தோம். நல்ல மனுஷர். ஞாயிற்றுக்கிழமைகளில் கடைக்குப் பின்னால் காஸ் சிலிண்டர் மேல் உட்கார்ந்து போன் கார்டு தீரும்வரை வீட்டாருடன் பேசுவார். பேசி முடித்த பிறகு அன்றைக்குச் சாப்பிட மாட்டார். மூன்று வருடம் கழித்து லீவில் ஊருக்குப் போனவர், "பிள்ளை என்கிட்ட வர மாட்டேங்குதுக்கா, கொஞ்சம் பழக்கிட்டு வர்றேன்" என்று போனில் சொன்னார். அதற்குப் பிறகு வரவே இல்லை.

அன்றிலிருந்து எங்கள் கடையில் தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக்கும் டீயும்தான். ரொட்டி இல்லாத கடைக்கு யார் வருவார்கள்? ஏஜெண்டு மூலமாக ஆள் எடுத்துப் பார்த்தோம். வந்தவர்களில் ஒருவர் தையல்காரர். கல்லைப் பார்த்துவிட்டு, "இது எதுக்கு?" என்று கேட்டார். கடைசியில் என் கணவர் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "நீயே ஊருக்குப் போய்ச் சாப்பிட்டுப் பார்த்து ஒருத்தனைக் கூட்டிட்டு வா. இந்தத் தடவையும் கிடைக்கலைன்னா கடையைக் கொடுத்துடுவோம்." அப்படித்தான் நான் தும்மிக்கொண்டு நிற்கும்படி ஆயிற்று.

சாப்பிடுவது ஒரு வேலையா என்று நினைத்துத்தான் விமானம் ஏறினேன். வேலைதான், அதுவும் இடுப்பொடிக்கிற வேலை.

முதல் நாள் காலையிலேயே ஆரம்பித்துவிடலாம் என்று குளித்துத் தயாராக உட்கார்ந்திருந்தேன். காசிராஜன் சிரித்தார். "காலையில யாரு மதினி பரோட்டா திங்கிறது? அடுப்பே மத்தியானத்துக்கு மேலதான் பத்த வைப்பாக." எங்கள் ஊரில் ரொட்டி என்பது காலைப் பசியாற. வேலைக்குப் போகிறவன் விடியும் முன்னே இரண்டு ரொட்டியும் பருப்புக் குழம்பும் தின்றுவிட்டுத்தான் பஸ் ஏறுவான். இங்கே காலையில் பரோட்டா கேட்டால் உடம்புக்கு ஏதோ கோளாறு என்று நினைக்கிறார்கள்.

சாயங்காலம் ஒரு கடைக்குக் கூட்டிப் போனார். உள்ளே நுழைந்ததுமே கடைக்காரர் ஓடி வந்து, "பேமிலி ரூம் அங்கன இருக்கும்மா" என்று ஒரு திரையைக் காட்டினார். திரைக்குப் பின்னால் ஒரு மேசை, ஒரு மின்விசிறி, ஒரு மூட்டை வெங்காயம். அங்கிருந்து கல் தெரியாது, மாஸ்டர் தெரியாது. நான் வெளியே வந்து கல்லுக்கு எதிரில் பெஞ்சில் உட்கார்ந்தேன். கடையில் அவ்வளவு பேரும் மெல்லுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். கடைக்காரர் நான் உட்கார்ந்த பெஞ்சை, நான் உட்கார்ந்திருக்கும்போதே, துடைத்தார். காசிராஜன் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

விருதுநகருக்கென்று ஒரு பரோட்டா உண்டு. அகலமான கல்லில் எண்ணெயைக் குளம்போல ஊற்றி அதற்குள் போட்டு மொறுமொறுவென்று எடுக்கிறார்கள். இலையில் போட்டு நொறுக்கி அதன் மேல் சால்னாவை ஊற்றினால், பாதி ஊறியும் பாதி ஊறாமலும் வாயில் போகிறது. குற்றம் சொல்ல வழியே இல்லை. ஆனால் எங்களுக்கு வேண்டியது இது இல்லை. கிழித்தால் துணிபோல வர வேண்டும், ஓரத்தில் மட்டும் கொஞ்சம் மொறுமொறுப்பு வேண்டும். எண்ணெயில் பொரிக்கிறவரைக் கூட்டிக்கொண்டு போய் நான் என்ன செய்ய?

அன்றைக்கு மூன்று கடைகளில் சாப்பிட்டோம். மூன்றிலும் எண்ணெய்க் குளம்தான். மூன்றாவது கடையில் நான் இலையை மூடியபோது, "என்னம்மா, ஒண்ணோட எந்திரிச்சிட்டீக? நல்லா இல்லையா?" என்று மாஸ்டர் முகம் வாடிக் கேட்டார். நல்லா இருக்கு என்பதற்காக இன்னொன்று தின்றேன்.

மறுநாள் காசிராஜனுடைய ஸ்கூட்டரில் போனோம். அதற்கு வயது என்ன என்று அவருக்கே தெரியவில்லை. வலது பக்கம் சாய்த்துப் படுக்கப் போட்டு எழுப்பினால்தான் கிளம்பும். ரயில்வே கேட்டில் ஒரு சரக்கு ரயில் போவதற்காக வெயிலில் நின்றோம். எங்களுக்கு முன்னால் வத்தல் ஏற்றிய லாரி. கேட்டில் நின்ற அத்தனை பேரும் தும்மினார்கள். நடுவில் ஒரு அம்மாள் வெள்ளரிப்பிஞ்சு விற்றுக்கொண்டு வந்தாள், அவளும் தும்மிக்கொண்டே விற்றாள்.

லாரிகள் நிற்கிற ஒரு நெடுஞ்சாலைக் கடையில் கொஞ்சம் நம்பிக்கை பிறந்தது. மாஸ்டர் இளைஞன், கை சுத்தம், பரோட்டா மெத்தென்று இருந்தது. பேச்சை ஆரம்பித்தேன். மலேசியா என்றதும் கண் விரிந்தது.

"தீபாவளிக்கு லீவு உண்டாக்கா?"

"உண்டு."

"பங்குனிப் பொங்கலுக்கு?"

விருதுநகரில் மாரியம்மனுக்குப் பங்குனியில் எடுக்கும் விழா அது. அதற்கு எங்கே கிள்ளானில் லீவு கொடுப்பது? இல்லை என்றேன்.

"அப்பச் சரிப்படாதுக்கா. நான் அக்கினிச்சட்டி எடுக்குறவன்." அதோடு பேச்சு முடிந்தது. ஒரு பரோட்டாவைக் கூடுதலாக என் இலையில் போட்டுவிட்டு வேறு ஆளைக் கவனிக்கப் போய்விட்டான். காசிராஜன் அவன் பக்கம்தான் பேசினார். "அதை எப்படி மதினி விட முடியும்?"

மூன்றாம் நாள் சிவகாசி. தீபாவளிக்கு ஆர்டர் ஓடுகிற சீசன். பஸ்ஸில் உட்கார இடமில்லை. நின்ற பெண்கள் எல்லோரும் பட்டாசுக் கம்பெனிக்கும் தீப்பெட்டி ஆபீசுக்கும் போகிறவர்கள். ஒவ்வொருத்தி கையிலும் தூக்குச்சட்டி. எனக்கு இடம் கொடுத்து எழுந்த பெண்ணின் விரல் இடுக்குகளில் வெள்ளிப் பொடி மினுங்கியது. "கழுவினா போகாதா?" என்று கேட்டேன். "போகும், மறுக்கா வரும்" என்றாள்.

அந்த ஊரில் ஒரு டீக்கடையில் வடையை அச்சுத் தாளில் வைத்துக் கொடுத்தார்கள். அச்சகங்களில் வீணாய்ப் போன தாள்கள் ஊரெல்லாம் கிடக்கின்றன. கடைக்காரர் கட்டிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து, லட்சுமி படம் வந்தால் ஒதுக்கி வைத்தார், வெடிக்கட்டு லேபிள் வந்தால் வடையை வைத்தார். எனக்கு வந்தது ஒரு சங்குச் சக்கரம். ஒதுக்கிய சாமி படங்கள் ஒரு மூலையில் ஒரு முழம் உயரத்துக்கு அடுக்கியிருந்தன. அவற்றை என்ன செய்வீர்கள் என்றேன். "என்ன செய்ய? இருக்கட்டும்" என்றார்.

அன்றைக்குச் சாயங்காலம் என் வயிறு வேலைநிறுத்தம் செய்துவிட்டது. காசிராஜன் வீட்டில் அவர் மனைவி மோர்ச் சாதம் கரைத்துக் கொடுத்தாள். அதைக் குடித்துவிட்டுப் படுத்தபோது எனக்கு அழுகை வந்தது. கால் வீங்கியிருந்தது. கண்ணை மூடினால் இலையும் சால்னாவும்தான் தெரிந்தன. ஐம்பத்தைந்து வயதுக்கு மேல் ஊர் ஊராக எண்ணெய்ப் பலகாரம் தின்று ஆள் பிடிக்கிற பிழைப்பு என்ன பிழைப்பு என்று இருந்தது. கடையை விட்டுவிட்டால்தான் என்ன என்றும் தோன்றியது. அப்புறம், அதிகாலையில் எழுந்து மாவுக்கு எதிரில் நிற்காமல் என் கணவர் என்ன செய்வார் என்று யோசித்தேன். அவருக்கு வேறெதுவும் தெரியாது. எனக்கும் தெரியாது.

நான்காம் நாள் பால்பாண்டியைக் கண்டுபிடித்தோம்.

சிவகாசியிலிருந்து திரும்பும் சாலையில், வெடி ஆலைகளைத் தாண்டி ஒரு கடை. ஓலைக் கொட்டகை, நாலு பெஞ்சு, வாசலில் தண்ணீர்த் தொட்டி, அதன் பக்கத்தில் ஒரு கட்டிச் சவுக்காரமும் தேங்காய் நாரும். ஆலை விட்டு வருகிறவர்கள் அதில் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் உட்காருகிறார்கள். மற்ற ஊர்ப் பெட்டிக்கடைகளில் பீடி பற்றவைக்க நெருப்புக் கயிறு தொங்கும், இங்கே அது இல்லை. இந்த ஊர்க்காரர்களுக்கு நெருப்பு என்றால் தனி மரியாதை.

மாஸ்டருக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். வலது கையால் மட்டும் மாவை எடுத்து, பலகையில் ஓர் அறை, காற்றில் ஒரு சுழற்று, மறுபடி ஓர் அறை. மூன்றாவது சுழற்றில் மாவு வேட்டிபோல விரிந்தது. இடது கை இடுப்பில் இருந்தது. பெஞ்சில் இருந்தவர்கள் அதை ஸ்டைல் என்று நினைத்து ரசித்தார்கள். "நம்ம மாஸ்டரு ஒத்தக் கையிலயே வீசிருவாரு, பாத்தீகளா!" என்று கடைக்காரர் என்னிடம் பெருமைப்பட்டார்.

பரோட்டா வந்தது. கிழித்தேன். துணிபோல வந்தது. அடுக்கு அடுக்காகப் பிரிந்தது, உள்ளே ஈரம் இருந்தது, ஓரம் மொறுமொறுத்தது. நான் சால்னா கூட ஊற்றிக்கொள்ளவில்லை. முதல் தடவையாக இந்த ஊரில் பசித்துச் சாப்பிட்டேன். இரண்டு, மூன்று என்று போய்க்கொண்டே இருந்தேன். காசிராஜன் என்னைப் பயத்தோடு பார்த்தார்.

"மாவு எங்க பிசையுறீங்க?" என்று கடைக்காரரிடம் கேட்டேன். கடையில் அதற்கான பலகையே இல்லை.

"இந்தத் தண்ணி உப்புத்தண்ணிம்மா. மாவு இளகாது. மாஸ்டரு அவுக ஊரு ஆனைக்குட்டத்துத் தண்ணியிலதான் பிசைஞ்சு, உருண்டை புடிச்சு, வண்டியில கொண்டாருவாரு."

ஒரு உருண்டையை எடுக்கப் பால்பாண்டி இடது கையை இடுப்பிலிருந்து எடுத்தபோது பார்த்தேன். மூன்று விரல்கள் உள்ளங்கையோடு மடங்கி ஒட்டியிருந்தன. தோல் பளபளவென்று இருந்தது. தீக்காயம். என் வயதுக்கு எத்தனையோ பேர் மாவு பிசைவதைப் பார்த்தவள் நான். அந்தக் கையை வைத்துக்கொண்டு யாரும் அவ்வளவு மாவைப் பிசைய முடியாது. உருண்டை பிடிக்கவும் முடியாது.

எனக்கு உள்ளுக்குள் துள்ளியது. எங்களுக்குத் தேவை வீசுகிற கை மட்டும்தானே! பிசைவதற்குக் கிள்ளானில் ஆள் காத்துக்கொண்டிருக்கிறார். இவ்வளவு பொருத்தமாகக் கல்யாணத்துக்குக்கூட அமையாது. கடை ஒழிந்த நேரத்தில் பால்பாண்டியிடம் பேசினேன். மூச்சுவிடாமல் கேட்டுவிட்டு, "வீட்டுக்கு வாங்கக்கா. நாளைக்கு மத்தியானத்துக்கு மேல வாங்க, பேசுவோம்" என்றான். மத்தியானத்துக்கு மேல என்பதை இரண்டு தடவை சொன்னான்.

அன்றைக்கு ஐ.எஸ்.டி. பூத்திலிருந்து என் கணவருக்குப் பேசினேன். "ஒரு ஆள் இருக்கு. நாளைக்குத் தெரியும்." "நல்லா வீசுறானா?" என்று கேட்டார். "உங்களை மாதிரி" என்றேன். அவர் சிரித்ததைக் கேட்டு எவ்வளவோ நாளாகியிருந்தது.

மறுநாள் ஸ்கூட்டர் சொல்லாமல் கொள்ளாமல் முதல் உதையிலேயே கிளம்பிவிட்டது. வழியில் கேட்டும் திறந்திருந்தது. அதனால் மத்தியானம் ஆவதற்கு முன்னாலேயே ஆனைக்குட்டத்துக்குப் போய்விட்டோம். அணைக்கட்டில் தண்ணீர் அடியில் கிடந்தது. பால்பாண்டியின் வீடு தெருக்கடைசியில். வீட்டோடு சேர்ந்த தகரக் கொட்டகைக்குள் ஒரு பெண் முழங்கால் போட்டு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். பால்பாண்டி பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தான்.

எங்களைப் பார்த்ததும் எழுந்துவிட்டான். "வாங்கக்கா, வாங்கண்ணாச்சி. இன்னைக்கு மட்டும் இவ கொஞ்சம்..." என்று இழுத்தான். நான் எதையும் பார்க்காதவள்போல, "வெயில் தாங்கலை, தண்ணி கொடுப்பா" என்றேன்.

அவன் மனைவி பேச்சியம்மா. கையைக் கழுவிக்கொண்டு வந்து, "வாங்க, சாப்பிட்டீகளா?" என்றாள். கலர் வாங்கி வைத்திருந்தார்கள். நாங்கள் குடித்தோம். அவள் மறுபடி மாவுக்குப் போனாள். பிசைந்து, தூக்கி அறைந்து, எண்ணெய் தடவி, ஈரத்துணி போட்டு மூடினாள். பிறகு ஊறிய வேறொரு தாம்பாளத்தை எடுத்து உருண்டை பிடிக்க ஆரம்பித்தாள். மடமடவென்று ஒரே அளவில் விழுந்தன. முந்தின நாள் நான் தின்றதில் பாதி இவளுடையது.

பால்பாண்டி பேசினான். பாஸ்போர்ட் ஏற்கனவே எடுத்து வைத்திருக்கிறானாம். வீட்டுக்குத் தளம் போட வேண்டும். மகள் ஆறாவது படிக்கிறாள், அவளை எந்தக் காலத்திலும் வெடி ஆலைக்கு அனுப்பக்கூடாது. "மூணு வருசம் என்னக்கா, கண்ண மூடித் தொறக்குறதுக்குள்ள ஓடிராது?" என்றான். முகமெல்லாம் வெளிச்சமாக இருந்தது. எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. மனதுக்குள் நான் கடைக்கு வெள்ளையடித்துவிட்டேன்.

கொட்டகையில் உருண்டை பிடிக்கிற சத்தம் நின்றது. பேச்சியம்மா எழுந்து வந்து எங்களுக்கு எதிரில் நின்றாள். இரண்டு கையிலும் மாவு.

"அக்கா, இவருக்கு மாவு பிசைய வராது."

"ஏய்," என்றான் பால்பாண்டி.

"வராதுக்கா. ஆலையில வேல பாத்தப்ப தீப்புடிச்சு கை போயிருச்சு. உருண்டகூட நாந்தான் புடிக்கேன். தண்ணி உப்புன்னு சொல்றதெல்லாம் பொய்யி. கடக்காரருக்குத் தெரிஞ்சா வேலைக்கு வைக்க மாட்டாகன்னு ரெண்டு பேருமாச் சேந்து சொன்ன பொய்யி. நீங்க அம்புட்டுத் தூரம் கூட்டிட்டுப் போயி ஏமாந்துறக் கூடாது."

பால்பாண்டி தலையைக் குனிந்துகொண்டான். இடது கையை வேட்டி மடிப்புக்குள் வைத்துக்கொண்டான். அவன் காது சிவந்துவிட்டது.

நான் ஏமாந்துவிடக் கூடாதே என்று அவள் அதைச் சொல்லவில்லை என்பது யாருக்கும் புரியும். புருஷனை அசிங்கப்படுத்தியாவது நிறுத்திவிட வேண்டும் என்று வந்து நின்றாள். அவள் கையில் இருந்தது அந்த ஒன்றுதான், அதை எடுத்து வீசிவிட்டாள். அதற்கு மேல் அவளிடம் ஒன்றும் கிடையாது.

அது என்னிடம் செல்லாது. "எங்க வீட்டில் பிசைய ஆள் இருக்கிறார், எனக்கு வீசுகிறவர்தான் வேண்டும்" என்று நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும். பால்பாண்டி தலையை நிமிர்த்துவான். கடை பிழைத்துவிடும். நாக்கு நுனி வரை வந்துவிட்டது. காசிராஜன் என் பக்கம் திரும்பினார். எங்கள் வீட்டுக் கதை அவருக்கு முழுக்கத் தெரியும். அவர் வாயைத் திறந்தார். நான் பார்த்த பார்வையில் அப்படியே மூடிக்கொண்டார்.

எனக்குச் சேவியர் ஞாபகம் வந்தது. சிலிண்டர் மேல் உட்கார்ந்திருக்கிற முதுகு. சாப்பிடுங்க என்று எத்தனை தடவை தட்டை நீட்டியிருப்பேன்.

"அப்படின்னா சரிப்படாது தம்பி," என்றேன். "எங்களுக்குப் பிசையவும் தெரிஞ்ச ஆள்தான் வேணும்."

அவன், "சரிக்கா" என்றான். அவன் போவதும் போகாததும் அவர்கள் இருவரும் பேசித் தீர்க்க வேண்டிய விஷயம், அதில் நான் புகுந்து முடிவு கட்டியது நியாயமா என்று எனக்குத் தெரியவில்லை. அவன் வாழ்நாளெல்லாம் தன் கையால்தான் இது போயிற்று என்று நினைப்பான். அதை நினைக்க எனக்கு வேதனையாகத்தான் இருந்தது. ஆனால் சொன்னதைத் திருப்பி எடுக்கவும் மனம் வரவில்லை.

வெளியே வந்தால் ஸ்கூட்டர் தன் குணத்தைக் காட்டிவிட்டது. வலது பக்கம் படுக்கப் போட்டும் எழவில்லை, இடது பக்கம் படுக்கப் போட்டும் எழவில்லை. மெக்கானிக் கடை வரைக்கும் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும் என்றார் காசிராஜன். பால்பாண்டி வந்து பின்னால் பிடித்துத் தள்ளினான். வலது கையால் தள்ளினான். இரண்டு பேரும் தெருமுனையில் திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன்.

"நீங்க பஸ்ஸுக்குப் போயிருங்கக்கா, நான் கூட வாரேன்," என்றாள் பேச்சியம்மா.

நடந்தோம். அவள் என் பையை வாங்கிக்கொண்டாள். வெயில் அடித்தது. என் கால் என் பேச்சைக் கேட்கவில்லை. நாளை மறுநாள் விமானம். என் கணவரிடம் போனில் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே வந்தேன். எல்லோரும் எண்ணெயில் பொரிக்கிறார்கள் என்று சொல்லலாம். பேசி வைத்தவன் கடைசியில் மாறிவிட்டான் என்று சொல்லலாம். எதைச் சொன்னாலும் அவர் சரி என்றுதான் சொல்வார், கடைச் சாவியை எடுத்துக்கொண்டு போய் கட்டடச் சொந்தக்காரரிடம் கொடுத்துவிட்டு வருவார்.

நிறுத்தத்தில் ஒரு வேப்பமரம், அதனடியில் ஒரு கல். உட்கார்ந்தேன். அவள் நின்றாள்.

"கோவமாக்கா?"

"எதுக்கு?"

"அவுக முன்னாடி அப்பிடிச் சொல்லிட்டேன்ல. வீட்டுக்குப் போனா எம் மூஞ்சியில முழிக்க மாட்டாக." பஸ் வருகிறதா என்று சாலையை எட்டிப் பார்த்தாள். "அன்னைக்கு ஆலையில உள்ள இருந்து தூக்கிட்டு வந்தாக. ஆளு இருக்கா இல்லையான்னு தெரியாம நான் வாசல்ல நின்னேன். அதுக்கப்புறம் கடைக்குப் போயி வரதுக்குக் கொஞ்சம் தாமசமானாலே எனக்குக் கை ஓடாது. மூணு வருசம் எப்பிடிக்கா?"

என் பையைத் தோளில் ஏற்றிப் போட்டுக்கொண்டாள்.

"வேற ஆளு கிடைச்சிருவாக உங்களுக்கு. இல்லையா?"

"கிடைக்கும்," என்றேன்.

தூரத்தில் பஸ்ஸின் ஹாரன் கேட்டது. அவள் பையை என்னிடம் கொடுத்தாள். கொடுக்கும்போது என் கையைப் பார்த்தாள். மோதிரம் போட்ட, டீக்கறை ஏறிய, மென்மையான கை. மாவு பிசைகிறவளுக்கு மாவு பிசையாத கை தெரியாதா?

"இதுவரைக்கும் உங்க கடையில மாவு யாருக்கா பிசைஞ்சது?"

இதற்கு ஒரு பொய்யை நான் தயார் செய்து வைத்திருக்கவில்லை. "எங்க வீட்டுக்காரர்தான்," என்றேன். "அவரு எப்பவுமே அவரே பிசைவாரு. வீசத்தான் முடியாது."

அவள் அப்படியே நின்றாள். கண் என் முகத்தில் இருந்தது. பஸ் வந்து புழுதியோடு நின்றது. "ஏறுங்கம்மா, ஏறுங்க, சீக்கிரம்" என்று கண்டக்டர் கத்தினார். நான் படியில் ஒரு காலை வைத்தேன். பேச்சியம்மா என் கையை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள், நகத்தோரத்தில் மாவு காய்ந்திருந்தது. கண்டக்டர் விசிலை ஊதினார். அவள் விடவில்லை.